பின்பக்கக் கொக்கி

5 மார்ச் 1989

காலையில் வண்டி வந்துவிட்டது. பட்டாளத்து ஏலத்தில் யாரோ எடுத்து, கோயமுத்தூரில் நாலு வருடம் சும்மா நிறுத்தி வைத்திருந்த பிக்கப் ஜீப். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். பச்சைப் பெயிண்டுக்கு அடியில் துரு. இடது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, கயிறுதான். என் வீட்டுக்காரி மருதம்மாள் எருமையை விற்றுக் கொடுத்ததில் வாங்கியது. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தவள், "ஏனுங்க, இது எருமையவிட அதிகமாத் திங்குமுங்களா?" என்று கேட்டாள்.

திங்கும். ஆனால் இனி எவனும் சாயங்காலமானால் குச்சி விட்டு என் டீசலை அளக்க மாட்டான்.

9 மார்ச்

பல்லடம் ரோட்டில் ஞானசம்பந்தத்தின் பட்டறைக்கு ஓட்டிப் போனேன். மதுரைப் பக்கத்து ஆள், நல்ல மெக்கானிக். அரைமணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்துவிட்டு எழுந்தான்.

"அண்ணே, கையில எவ்வளவு இருக்குன்னு நான் கேக்கல. வரிசையை மட்டும் மாத்திராதீக. மொத டயரு. பெறகு பிரேக்கு. லைட்டு, ஹாரனு, மத்த சோக்கெல்லாம் அதுக்கப்புறம்தான்."

"மொதல்ல பொறகால ஒரு கொக்கி வேணும். லாரியை இழுத்தாலும் தாங்கோணும்."

"யாரை இழுக்கப் போறீக?"

அவனிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். மாரப்பனை.

பதினொரு வருடம் அவர் வேனை ஓட்டினேன். போன ஆயுதபூஜை அன்று ஷெட்டில் வண்டிகளெல்லாம் மாலை போட்டு நின்றன. டிரைவர்கள் நாங்கள் வழக்கம்போல் வரிசையில் நின்று துண்டை ஏந்தினோம். மாரப்பன் படியால் பொரி அளந்து போட்டுக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நிறைந்த படியைத் திரும்பக் கூடைக்குள் கவிழ்த்தார். "டீசல் குடிக்கற வாய்க்குப் பொரி எதுக்கு?" பதினெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

வேனில் டீசல் குறைந்துகொண்டே வந்தது நிஜம், ஆனால் நான் ஒரு சொட்டு எடுத்ததில்லை. சாமி சத்தியமா எடுக்கலை. வெறுந்துண்டை எப்படி மடித்தேன், எப்படி வெளியே வந்தேன், எதுவும் ஞாபகமில்லை.

நெருப்பெரிச்சல் ஊருக்குப் போகும் மண் தடத்தில் குறுக்கே ஒரு ஓடைப்பள்ளம் ஓடுகிறது. ஐப்பசி மழையில் மாரப்பனின் வண்டி ஒரு தடவையாவது அதில் மாட்டும். எத்தனை முறை நானே இறங்கித் தள்ளியிருக்கிறேன்! இந்த வருடமும் மாட்டட்டும். நான் ரிவர்ஸில் போய் நிற்பேன். அங்கே இருக்கும் நிட்டிங் கம்பெனி ஆட்களெல்லாம் கரையில் நின்று பார்க்க, "இழுக்கட்டுங்களா மொதலாளி?" என்று கேட்பேன். அவர் பதில் சொல்வதற்குள் ஒரு பீடி பற்ற வைப்பேன்.

எனக்குப் பீடிப் பழக்கம் இல்லை. அன்றைக்கு மட்டும்.

2 ஏப்ரல்

கொக்கி வைத்தாயிற்று. சேசிஸில் இரும்புப் பட்டை கொடுத்து நாலு போல்ட். பட்டறை வாசலில் கிடந்த லாரி எஞ்சினைச் சங்கிலி கட்டி இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை கொக்கி. ஞானசம்பந்தம் மட்டும் டயரைக் காலால் உதைத்துக்கொண்டே இருந்தான்.

3 ஏப்ரல்

கொக்கியைத் துணி போட்டுத் துடைத்தேன். இரண்டு தடவை.

21 மே

இன்றைக்கு லாரி ஹாரன். இரண்டு டயராவது வாங்கலாம் என்றுதான் கிளம்பினேன். கடையில் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மனசு மாறிவிட்டது.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எனக்கு முன்னால் மாரப்பனின் வேன், அவரே ஓட்டிக்கொண்டு. விடாமல் ஹாரன் அடித்தேன். ஆட்களெல்லாம் காதைப் பொத்தினார்கள். மாரப்பன் எட்டிப் பார்த்தார். நான் என்று தெரிந்ததும் ஓரமாக ஒதுங்கி வழி விட்டுவிட்டார்.

வழி விட்டுட்டாரு! இறங்கி வந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். எதற்காக ஒதுங்கினார்? பயமா? அந்த ஆளுக்கா?

18 ஜூலை

பால் கறக்க எருமை இல்லாததால் மருதம்மாளுக்குக் காலையில் வேலை குறைவு. வண்டியை ஆராய ஆரம்பித்துவிட்டாள். "ஏனுங்க, டயர்ல நூல் தெரியுதுங்க." திருப்பூரில் எதில்தான் நூல் தெரியவில்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை.

14 செப்டம்பர்

நெருப்பெரிச்சல் நிட்டிங் கம்பெனி மேனேஜர் ஆறுச்சாமி கூப்பிட்டு அனுப்பினார். நூல் மூட்டை உள்ளே போக வேண்டும், துணி ரோல் சாயப்பட்டறைக்கு வர வேண்டும். வெளிநாட்டு ஆர்டர், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. "மழைக்காலம் பூராவும் எவன் வண்டி நிக்காம வருதோ, வருசத்து லோடு அவனுக்குத்தான். மாரப்பனும் கேட்டிருக்கறாரு, உன்னையும் கேக்கறேன்" என்றார்.

மாரப்பனுக்கு இருபது வருடமாகப் போகும் லோடு அது. அதைப் பிடுங்கி, அவர் வண்டியையும் இழுத்து, இரண்டும் ஒரே மழையில்! வரும் வழியெல்லாம் ஹாரன் அடித்தேன். தடத்தில் ஆள் ஒருவருமில்லை.

கையில் மிச்சமிருந்ததில் முன்னால் இரண்டு பெரிய லைட் போட்டேன். கொக்கி கட்டும்போது அவர் முகம் தெரிய வேண்டாமா?

9 அக்டோபர்

ஆயுதபூஜை. வண்டிக்குச் சந்தனம், மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்து நசுக்கினேன். மருதம்மாள் படி நிறையப் பொரி கொடுத்தாள். வேண்டாமென்றேன். வாய்க்குள் போகவில்லை.

4 நவம்பர்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

மூன்று நாளாக மழை. மத்தியானம் துணி ரோல் ஏற்றி, தார்ப்பாய் கட்டிக்கொண்டு கம்பெனியிலிருந்து கிளம்பினேன். மேட்டைச் சுற்றிப் போகும் தடம் தூரம் என்று நேராகவே வந்தேன். பள்ளத்தில் தண்ணீர் முழங்காலுக்கு. நாலு சக்கர கியரைப் போட்டு மெதுவாக இறக்கினேன். பாதியில் பின்பக்கம் வழுக்கியது. பிரேக் மிதித்தேன், இன்னும் வழுக்கியது. டயர் சேற்றைப் பிடிக்கவே இல்லை, சும்மா சுற்றியது. மூக்கைக் குழிக்குள் விட்டுச் சாய்ந்து நின்றுவிட்டது வண்டி. தண்ணீர் கதவு வரைக்கும். கம்பெனி ஆட்கள் கரையில் கூடிவிட்டார்கள்.

பின்னால் லாரிச் சத்தம். மாரப்பன். கம்பெனியில் நூல் இறக்கிவிட்டு வந்திருக்கிறார்.

லாரியை மேட்டில் நிறுத்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சங்கிலியோடு தண்ணீருக்குள் இறங்கினார். அறுபது வயசு. வண்டிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார்.

"சாமியப்பா, பொறகால கொக்கி ஏதாச்சும் இருக்குதா?"

அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருக்க நான் சொல்ல வேண்டியிருந்தது.

"இருக்குதுங்க."

கட்டினார். லாரி இழுத்தது. நாலு போல்ட்டும் அசையவில்லை. பின்பக்கமாகவே வந்து கரை ஏறினேன். துணி நனையவில்லை. மாரப்பன் சங்கிலியைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "கொக்கி நல்லா வெச்சிருக்கறே. மொதல்ல டயரை மாத்து" என்றார். மேட்டைச் சுற்றிப் போகும் தடத்தில் லாரியைத் திருப்பினார். நானும் அதே வழியில் அவர் பின்னாலேயே போனேன்.

நான் நன்றி சொன்னேனா? சொல்லியிருப்பேன். அதுதான் பொறுக்கவில்லை.

5 நவம்பர்

சாப்பிடவில்லை.

11 நவம்பர்

ஆறுச்சாமியிடம் கம்பெனி குடோன் சாவி, லோடு சீட்டு எல்லாம் ஒப்படைக்கப் போனேன். லோடு போனது போனதுதான் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"உன்ற மேல தப்பில்லையாமப்பா. மாரப்பனே வந்து சொல்லிட்டுப் போனாரு. அவரு லாரி மேட்டுத் தடத்தை அடைச்சு நின்னுதாமா, அதனாலதான் நீ பள்ளத்துல எறக்குனயாமா. லோடை நீயே ஓட்டு."

பொய். அவர் லாரி எனக்குப் பின்னால்தான் வந்தது. எனக்காக ஏன் பொய் சொல்ல வேண்டும்? என்னைத் திருடன் என்று சொல்லும்போது வராத இரக்கம் இப்போது எங்கிருந்து வந்தது? எனக்கு இரக்கம் வேண்டாம்!

13 நவம்பர்

ஆறுச்சாமி முன்பணம் கொடுத்தார். நாலு டயரும் மாற்றியாயிற்று, ஆழமாகக் கட்டம் வெட்டிய டயர். ஞானசம்பந்தம் கடைசி நட்டை முறுக்கும்போது நான் மாரப்பனின் பொய்யைச் சொன்னேன். அவன் நிமிரவில்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கிறாதீக. நீங்க ஓட்டுன வேனு, போன வருசம் பூசை முடிஞ்ச மறுநாளு இங்கதான் வந்துச்சு. டேங்குக்கு அடியில வெடிப்பு, டீசல் சொட்டிக்கிட்டே இருந்துச்சு. நாந்தேன் வெல்டு வச்சு அடைச்சேன். அவருக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லாதன்னாரு."

ஒரு வருடம். மறுநாளே தெரிந்து, ஒரு வருடமாக என்னைத் திருடனாகவே நடமாட விட்டிருக்கிறார். அதனால்தான் வழி விட்டார், அதனால்தான் தண்ணீரில் இறங்கினார், பொய்யும் சொன்னார். எல்லாம் செய்வாராம், அந்த ஒரு வார்த்தையை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டாராம்.

கல்லெடுத்து அவர் லாரிக் கண்ணாடியில் போடலாமா என்று சாயங்காலம் வரைக்கும் யோசித்தேன். மருதம்மாள் கேட்டாள்: "கண்ணாடி ஒடைஞ்சா உங்க பேரு திரும்பி வந்துருமுங்களா?"

வராது. பதினெட்டுப் பேர் முன்னால் போனது, பதினெட்டுப் பேர் முன்னால்தான் வர வேண்டும். காத்திருக்கிறேன்.

20 பிப்ரவரி 1990

பிரேக் புதிதாக. ஞானசம்பந்தத்தின் வரிசை இன்றோடு முடிந்தது. என்னுடையது பாக்கி.

28 செப்டம்பர் 1990

ஆயுதபூஜை. என் வண்டிக்குச் சந்தனம் வைத்துவிட்டு நேராக மாரப்பனின் ஷெட்டுக்குப் போனேன். உள்ளே டிரைவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். பாதிப் பேர் பழைய ஆட்கள். கடைசியில் போய் நின்று துண்டை ஏந்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாரப்பன் ஒவ்வொருவராகப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நீ எதுக்கப்பா வரிசைல? நீதான் இப்ப மொதலாளி ஆயிட்டயே. உள்ள வந்து உக்காரு."

"இல்லீங்க. போன வருசத்துக்கு முந்துன வருசம் எனக்கு விட்டுப்போச்சுங்க."

கூடையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாய்க்குள்ளேயே, "டேங்குல வெடிப்பு இருந்துச்சு" என்றார்.

"காதுல கேக்கலீங்க மொதலாளி."

என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர். நான் துண்டை இறக்கவில்லை.

"டேங்குல வெடிப்பு இருந்துச்சு! இவன் எடுக்கலை!"

கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. படி நிறைய அள்ளிப் போட்டார். பாதி தரையில் சிந்தியது. மறுபடி ஒரு படி அள்ளினார்.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்துதான் துண்டைப் பிரித்தேன். பொரி கொஞ்சம் நமுத்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து முழுக்கத் தின்றேன். மருதம்மாளுக்குக்கூட மிச்சம் வைக்கவில்லை.