மெஷின் நிறைய இன்னும் ஒரு தட்டு

பாத்திர இலாகா அமைச்சர் அவர்களுக்கு,

தையல் கடைக்குக் கிளம்பிவிட்டேன். சமையல் மேசைமேல் மூடியிருக்கிறது, இரண்டு பேருக்கு.

"மெஷின் நிறைஞ்சாத்தான் ஓட்டணும், தண்ணியும் கரண்டும் மிச்சம்" என்று பாத்திரம் கழுவும் மெஷினை வாங்கிய கடையிலேயே எனக்குப் பாடம் எடுத்தது நீங்கள். அப்புறம் குழாயைத் திறந்துவிட்டு ஒவ்வொரு தட்டையும் பளபளவென்று கழுவி அதற்குள் அடுக்கியதும் நீங்கள். "அப்ப மெஷின் எதுக்கு, கண்காட்சிக்கா?" என்று உங்கள் தங்கை முன்னால் நான் சிரித்தது தப்புதான். அதற்காக மூன்று நாளாக ஆபீஸ் கேன்டீனிலேயே சாப்பிட்டுவிட்டு வருவதா?

ஒற்றை ஆள் சாப்பிட்டு அது எப்போது நிறைவது? என் டம்ளர் மட்டும் மேல் அடுக்கில் தேமே என்று உட்கார்ந்திருக்கிறது. கதவைத் திறந்தால் வாடை வேறு. பாதி காலியாக ஓட்டவும் கை வரவில்லை, உங்கள் சட்டமாயிற்றே.

ஆகவே இன்று இரவு ஏழு மணிக்கு, நான் திரும்பி வந்ததும், என்னோடு உட்கார்ந்து சாப்பிடவும். எல்லாம் சிக்கனத்துக்காகத்தான். வேறு எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டம்மா

(இடம் போதவில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்.) காலையில் திருட்டுத்தனமாகக் காபி குடித்துவிட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளித்த உங்கள் கப்பை என் டம்ளரை ஒட்டி வைத்துவிட்டேன். கழுவாமல்தான். தொட்டால் தெரியும் சேதி!