இரண்டாம் முழுக்கு

மார்ச் 2

அக்காவுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நாம் கத்திக்கொள்கிறோம். மூன்றாவது நிமிடம் அத்தான் போனை வாங்கி ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுகிறார். ஜெபத்துக்கு நடுவில் நான் எப்படிச் சண்டை போடுவது? அதனால்தான் கடிதம். கடைசிவரை படி. நடுவில் அழாதே.

22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அத்தான் தன் சபைத் தொட்டியில் அப்பாவுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கப்போகிறார் என்று அப்பாவே சொன்னார். கூடாது. இதைத் தம்பியாகச் சொல்லவில்லை, டயாலிசிஸ் டெக்னீஷியனாகச் சொல்கிறேன். தம்பி சொல்லி நீ எதைக் கேட்டிருக்கிறாய்?

டயாலிசிஸுக்காக அப்பாவின் நெஞ்சில் போட்டுத் தொங்குகிற குழாயின் மறுமுனை இதயத்தின் வாசலில் இருக்கிறது. அது தோலில் நுழைகிற இடம் இன்னும் ஆறாத புண். அந்த வழியாக அழுக்குத் தண்ணீர் ஒரு சொட்டுப் போனாலும் நடுவில் வடிகட்ட எதுவும் கிடையாது. நேரே ரத்தம். குளிக்கவே வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, எதற்கு? உங்கள் தொட்டியோ ஊரே இறங்கி ஏறுகிற தொட்டி.

கையில் ஆபரேஷன் செய்த ரத்தக்குழாய் பருக்க இன்னும் எட்டு வாரம் ஆகும். அதில் ஊசி போட ஆரம்பித்துவிட்டால் நெஞ்சுக் குழாயை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு தினம் இரண்டு வேளைகூட முக்கிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் எதனால்? அம்மா செத்த மறுவாரம் சபையில் சாட்சி சொல்கிற நேரத்தில் எழுந்து நின்று, "இந்த தேவன் எனக்கு வேண்டாம், இன்னையோட சரி" என்று அப்பா சொன்னார். ஒரே வாக்கியம். அதற்கு முன்பு முப்பத்தொரு வருஷம், வாரம் முழுக்க கிரேன் ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய் அந்த சபைக்கு நாற்காலி போட்டவர். ஒரு வாக்கியத்தில் போய்விடுகிற இரட்சிப்பா? அதை எந்தக் கடையில் வாங்கினீர்கள்?

எனக்கு நெஞ்சில் குழாய் இல்லை. சபைப் பக்கம் போய் ஆறு வருஷம் ஆகிறது. யாரையாவது முக்கியே ஆகவேண்டும் என்றால் அத்தானை என்னைக் கூப்பிடச் சொல்.

தம்பி


மார்ச் 8

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே நாங்கள் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். உன் கடிதத்தில் 'எப்படி இருக்கிறாய்' என்று ஒரு வார்த்தை இல்லை. மெஷின்களோடு இருந்து இருந்து நீயும் அப்படியே ஆகிவிட்டாய். அப்பாவுக்கு உப்பில்லாமல் சமைத்துப் போடுகிறேன். "சுவத்தை நக்குற மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டுவிடுகிறார்.

தம்பி, அத்தான் அப்பாவை வற்புறுத்தவில்லை. கேட்டது அப்பாதான். அவர் ஆராதனைக்கு உள்ளே வருவதில்லை. வாசலில், கழற்றிவிட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருகிறார். அப்பம் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். போன வாரம் சாப்பாட்டுக்கு முன் நான் ஜெபித்து முடித்தேன். அவர் ஆமென் சொல்லவில்லை. ஏன்ப்பா என்றேன். "நான் சொன்னா உன் ஜெபமும் கெட்டுப்போயிடும்மா" என்றார். அவ்வளவு உயரத்தில் தனியாக உட்கார்ந்து கிரேன் ஓட்டியவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, "செத்தா உங்கம்மா இருக்கிற இடத்துக்கு என்னை விடமாட்டாங்கல்ல?" என்று கேட்கிறார்.

வாயால் மறுதலித்தவன் வெளியே போய்விட்டான், மனந்திரும்பி மறுபடி முழுக்கெடுத்துத்தான் உள்ளே வரவேண்டும் என்பது எங்கள் உபதேசம். நீ சிரிப்பாய். சிரி. ஆனால் எட்டு வாரம் என்கிறாயே, அதுவரை அப்பா இருப்பார் என்று கையெழுத்துப் போட்டுத் தருவாயா? புது வருஷத்துக்குப் பிறகு உன் வார்டில் மட்டும் நாலு பேர் போய்விட்டார்கள் என்று நீதானே சொன்னாய்? நடுவில் அப்பாவும் போய்விட்டால், எங்கே போவார்? அதற்கு உன் படிப்பில் பதில் இருக்கிறதா?

உனக்காக ஜெபிக்கும்
அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? (கேட்டுவிட்டேன்.)

கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. யாராலும் முடியாது.

அத்தான் அப்பாவுக்குக் குறித்துக் கொடுத்த வசனத்தை எடுத்துப் படித்தேன். விழுந்தவன் திரும்பி வரவே முடியாது என்கிற அர்த்தத்தில் அல்லவா இருக்கிறது? அதை அப்படியே எடுத்தால் இரண்டாவது முழுக்கு வீண். அப்படி எடுக்கவேண்டாம் என்றால் முதல் முழுக்கே போதும். எப்படிப் பார்த்தாலும் தொட்டிக்கு வேலையில்லை. அத்தானிடம் கேள்.

நேற்று போனில் அப்பாவிடமும் இதையே சொன்னேன். முழுவதும் கேட்டார். "நீ உடம்பைப் பாக்கிறவன்டா. நான் கேக்கிறது அதைப் பத்தி இல்லை. நீ வேணாம்னா நான் எறங்கலை. ஆனா அதுவரைக்கும் நான் எப்படிடா இருக்கிறது?" என்று சொல்லிவிட்டு அழுதார். அம்மாவுக்குக்கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

சரி. முக்குங்கள்.

பார்சலில் ஒட்டும் பிளாஸ்டிக் டிரெஸ்ஸிங் பத்து அனுப்பியிருக்கிறேன். குழாயை மூடி ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று ஒட்டு. நாலு ஓரத்திலும் டேப் போடு. தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறக்கூடாது. தலைக்கு, கொதித்து ஆறிய தண்ணீரைக் குவளையில் மொண்டு முன்பக்கம் வழியாமல் ஊற்றட்டும். முடிந்ததும் டயாலிசிஸ் சென்டருக்குப் போய் டிரெஸ்ஸிங்கை மாற்று, வீட்டில் பிரிக்காதே. குளிர் நடுக்கம் வந்தால் ஜெபம், மாத்திரை என்று உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு.

என்னால் வர முடியாது. லீவு இல்லை.

தம்பி


மார்ச் 25

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

ஸ்தோத்திரம்! நீ வந்திருக்கவேண்டும். தண்ணீரிலிருந்து எழும்பியதும் அப்பா முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். ஈர வேட்டியோடு நடந்து உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். அப்பம் எடுத்தார். ஆமென் என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் குழந்தை அழுதுவிட்டது.

திட்டாதே. பாதி முழுக்கு முழுக்கே இல்லை, அப்பா மனதில் சந்தேகம் நிற்கும் என்று அத்தான் சொன்னார். முழுவதுமாகத்தான் முங்கினார், ஒரே ஒரு நொடி. டிரெஸ்ஸிங் ஒரு ஓரத்தில் கொஞ்சம் தூக்கிக்கொண்டது. அன்றைக்கு சென்டர் லீவு. நானே பிரித்துத் துடைத்து, ஹேர் டிரையர் வைத்து நன்றாகக் காயவைத்துப் புதிதாக ஒட்டினேன்.

திங்கட்கிழமை டயாலிசிஸில் உட்கார்ந்த சற்று நேரத்தில் கொஞ்சம் உதறியது. தொட்டித் தண்ணீர் சில்லென்று இருந்ததால் இருக்கும். நர்ஸ் ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறாள். இன்றைக்குப் பரவாயில்லை. படுத்துக்கொண்டே பாட்டுப் பாடுகிறார். உனக்குச் சொல்லச் சொன்னார்: "சின்னவன்கிட்ட சொல்லு, இனிமே எனக்குக் கவலையில்லை."

அக்கா


ஏப்ரல் 20

தம்பி,

அடக்கத்தில் மண் போட்டுவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிட்டாய். நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்கே தெரியும். தினமும் நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

இது வேறு. இதை யாரிடமும் சொல்லவில்லை.

நீ ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அப்பாவுக்கு நினைவில்லை. அதற்கு முந்தைய நாள் மத்தியானம் நான் மட்டும்தான் பக்கத்தில் இருந்தேன். கட்டிலே ஆடுகிற மாதிரி நடுக்கம். திடீரென்று கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்தார். "இந்த தேவன் எனக்கு வேண்டாம்" என்றார். அதே வார்த்தை, அதே குரல். "அப்பா, அப்படிச் சொல்லாதீங்கப்பா, வாபஸ் வாங்குங்கப்பா" என்று வாயைப் பொத்தினேன். அதன்பிறகு அவர் எதுவுமே பேசவில்லை.

அடக்க ஆராதனையில் அத்தான், "ஏற்ற நேரத்தில் ஒப்புரவானார், இப்போது பரலோகத்தில் இருக்கிறார்" என்று பிரசங்கித்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

எங்கள் உபதேசம் சரி என்றால் அப்பா எங்கே, தம்பி? மறுபடி முக்குவதற்கு இப்போது ஆளே இல்லையே. நீ விசுவாசி இல்லை. என்னை ஆறுதல்படுத்த ஒன்றைச் சொல்லமாட்டாய். அதனால் உன்னைக் கேட்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 26

அக்காவுக்கு,

முதலில் என் பங்கு. ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் வந்தது. தண்ணீரில் இருக்கிற கிருமிதான். 'இடுப்புக்கு மேல் ஏறக்கூடாது' என்று எழுதும்போதே, அத்தான் முழுசாகத்தான் முக்குவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் டிரெஸ்ஸிங்கை அனுப்பினேன். வாதாடி அலுத்துப்போய், பட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்ற கோபத்தில் அனுப்பினேன். லீவு இருந்தது. நான் கேட்கவில்லை. உன்னை மட்டும் வாட்டிக்கொள்ளாதே. நான் தொழில் தெரிந்தவன்.

இனி உன் கேள்வி. என் வார்டுக்கு ரிடையர்டான வாத்தியார் ஒருவர் வருவார். நடுக்கம் வந்த அன்றைக்கு என்னை, என் அம்மாவை, என் வம்சத்தையே இழுத்துத் திட்டினார். அடுத்த முறை வந்து, "தம்பி சாப்டாச்சா?" என்றார். நான் ஏற்கெனவே மறந்திருந்தேன். சம்பளத்துக்கு வேலை பார்க்கிற, பொறுமையே இல்லாத எனக்கே அது பெரிதாகப் படவில்லை. உன் தேவன் என்னைவிடக் கேவலமானவரா? அப்படியென்றால் அப்பா சொன்னதில் தப்பே இல்லை. இல்லையென்றால் அப்பா பத்திரமாக இருக்கிறார். முதல் தடவை சொன்னபோதும் பத்திரமாகத்தான் இருந்தார். தொட்டியில் இறங்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

நீ ஏன் அத்தானிடம் சொல்லவில்லை? சொன்னால் 'கெட்டுப்போனார்' என்பார், அதை அப்பாவைப் பற்றிக் கேட்க உன்னால் முடியாது. மற்றவர்களெல்லாம் தங்கள் வீட்டில் செத்தவர்களைப் பற்றி அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே? சாட்சி நேரத்தில் எழுந்து சொல். சொல்லும்வரை எனக்கு எழுதாதே.

தம்பி


மே 11

தம்பி,

நேற்று சொன்னேன். அப்பா நின்ற அதே இடத்தில் நின்று, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அத்தான் கோபப்படவில்லை. கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். பிறகு, "காய்ச்சல்ல புத்தி தடுமாறிச் சொன்னதை தேவன் எடுத்துக்கமாட்டார். உங்கப்பா நம்ம வீட்டு மனுஷர். நமக்குத் தெரியாதா அவரை?" என்றார். என் நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. உட்காரப் போனேன்.

பின்வரிசையில் தையல்காரம்மா எழுந்தார். உனக்கு அவரைத் தெரியாது. அவர் மகன் சபை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவன். பைக் விபத்தில் இறந்தான். 'இவனைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை' என்று அத்தான் குழிப் பக்கத்திலேயே வேதத்தை மூடினார். அதற்குப் பிறகும் நாலு வருஷமாக, ஒரு வாரம் தவறாமல் வந்து அதே வரிசையில் உட்காருகிறவர்.

"ஐயா, என் புள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. பத்தொம்பது வயசுதான் இருந்துச்சு. அந்த வயசுல பேசுனதை மட்டும் தேவன் எடுத்துக்கிட்டாரா?"

அத்தான் வேதத்தைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இன்று காலை அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே தையல் மெஷின் ஓடுகிற சத்தம். தட்டினேன். மெஷின் நின்றது. நான்தான் என்று குரல் கொடுத்தேன். கதவைத் திறக்கவில்லை.

"உங்கப்பா பரலோகம் போய்ச் சேந்துட்டாரும்மா. சந்தோஷமா இரு" என்றார், உள்ளேயிருந்தே.

உன் வாத்தியார் கதையைச் சொல்லலாம் என்றுதான் போனேன். நாலு வருஷம் கழித்து, அந்தக் கதவுக்கு வெளியில் நின்று, அதை எந்த வாயால் சொல்வது? நான் நிற்கும்போதே மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

அக்கா