தகரப் பெட்டியில் எட்டுச் சட்டைகள்

ஜனவரி 11

இந்நேரத்துக்கு எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். என் மகள் குட்டி இப்போதுதான் தூங்கினாள்.

எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. யாரிடம் மன்னிப்பு? இது கல்லூரி விடுதி நாட்களின் நோட்டு. ஒரே அறையில் இருந்த இரண்டு பேருக்கு ஒரே நோட்டு. இடப்பக்கம் கத்திரிக்கு, வலப்பக்கம் எனக்கு. யார் தாமதமாக எழுதினாலும் மன்னிப்போடுதான் தொடங்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். ஜன்னல் திரையைக்கூட வெட்டிப் பாவாடையாக்கியவள் என்பதால் அவளுக்குக் கத்திரி என்று பெயர். எதற்கெடுத்தாலும் பயப்பட்டதால் எனக்குக் கவலை என்று பெயர்.

பாதி நோட்டு காலியாகக் கிடந்தது. ஜப்பான் பயணக் குறிப்புகளுக்காக எடுத்தேன். என்னையறியாமல் வலப்பக்கத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சிறுதொழில் சங்கத்திலிருந்து ஜப்பானுக்குப் போகும் வர்த்தகக் குழுவில் எங்கள் பட்டறைக்கு இடம் கிடைத்துவிட்டது. மார்ச் 24 புறப்பாடு, ஒன்பது நாள். குழந்தைப் பொருள்களுக்கான கண்காட்சி. பத்துச் சிறு நிறுவனங்கள், ஆளுக்கொரு மேசை. பச்சைக் குழந்தைகளுக்கான சட்டை மட்டும் தைக்கிற, மூன்று மெஷின் உள்ள பட்டறைக்கு இது கனவு. எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்த பெரிய கடை போன மாதத்தோடு நிறுத்திவிட்டது. இதுவும் வாய்க்காவிட்டால் கதவுக்குப் பூட்டுத்தான்.

மாதிரிச் சட்டைகள் தயார். இவர் போன மாதம் எனக்காகச் செய்யச் சொல்லி வாங்கிக்கொடுத்த பிளைவுட் அலமாரியில், துணிச் சுருள்களோடு அடுக்கி வைத்திருக்கிறேன். கதவைத் திறந்தால் புது வாசனை கும்மென்று வருகிறது. நாளை இரண்டு சட்டைகள் சோதனைக் கூடத்துக்குப் போகின்றன.

மேசைக்கு இரண்டு பேர் வரலாமாம். படிவத்தில் முதல் கட்டத்தில் என் பெயர். இரண்டாவது காலி.

ஜனவரி 14

பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தேன். இன்னும் ஒன்றரை வருஷம் செல்லும். படத்தில் எனக்கு இருபது வயது. போட்டிருப்பது கத்திரியின் சட்டை. கடைசி வருஷம் இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்று விண்ணப்பித்தோம், எங்கே போகப்போகிறோம் என்று ஒரு யோசனையும் இல்லாமல். "எந்த நாட்டுக்கும்மா?" என்று கேட்டார் அதிகாரி. "எது கூப்பிடுதோ அதுக்கு சார்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. நாங்கள் வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தோம். எழுந்திருக்க முடியவில்லை.

கூப்பிட எட்டரை வருஷம் ஆகியிருக்கிறது.

ஜனவரி 19

சங்கத்தில் பயிற்சி வகுப்பு. செயலாளர் விசிட்டிங் கார்டு கொடுக்கக் கற்றுத்தந்தார். "ரெண்டு கையால குடுங்க, ரெண்டு கையால வாங்குங்க. வாங்கினதும் படிங்க. படிக்காம பாக்கெட்ல போடாதீங்க. போன தடவை நம்ம ஆளு ஒருத்தர் பின்பாக்கெட்ல சொருகி அது மேலயே உக்காந்துட்டார். அதோட அவங்க பேச்ச நிறுத்திட்டாங்க."

வீட்டில் கண்ணாடி முன்னால் பழகினேன். குட்டி பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஒற்றைச் செருப்பை எடுத்துவந்து இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டினாள். இவர் எழுந்து நின்று வாங்கி, திருப்பித் திருப்பிப் படித்து, "ரொம்ப சந்தோஷம். உங்க இன்னொரு கிளை எங்க இருக்கு?" என்றார். அவள் ஓடிப்போய் அடுத்த செருப்பைக் கொண்டுவந்தாள்.

ஒன்பது நாளைக்கு என்னென்ன, எப்போது என்று நான்கு பக்கம் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். "நீ போறது ஜப்பானுக்கா, நிலாவுக்கா? நானும் அவளுக்கு அப்பன்தான்" என்றார். தெரியும். தெரிந்தும் ஐந்தாவது பக்கம் எழுதினேன்.

ஜனவரி 27

சோதனை முடிவு வந்தது. தேறவில்லை.

ஜப்பானில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் துணியில் ஃபார்மலின் என்ற ரசாயனம் இருக்கக் கூடாது. அது அவர்கள் சட்டம். எங்கள் சட்டையில் இருக்கிறதாம். எப்படி? சாயம் போடாத பருத்தி. துணி ஆலைக்குப் போன் செய்தால், "நாங்க குடுத்தப்ப சுத்தமா இருந்துச்சு, சர்டிபிகேட் இருக்கு. அப்புறம் என்ன பண்ணீங்கன்னு நீங்கதான் யோசிக்கணும்" என்று வைத்துவிட்டார்.

பட்டறையில் தையல் அக்கா மெஷினை நிறுத்தினாள். "கை கழுவாம நான் துணியத் தொட்டதில்ல. என்னைப் பாக்காத."

"பாக்கலக்கா."

"பாத்த."

என்னமோ தெரியல, எனக்கு வேற ஒண்ணுதான் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. இதே துணியிலதானே குட்டி வளந்தா? கைக்குழந்தையா இருந்தப்ப அவ தோள்ல செவப்பா ஒண்ணு வந்துச்சே, அது இதுதானா? என் கையாலயே போட்டுவிட்டேனா? எழுந்துபோய் அவள் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன். வழவழவென்றுதான் இருக்கிறது. மறுபடியும் போய்ப் பார்த்தேன்.

பதினைந்து நாளுக்குள் தேறிய சான்று போகாவிட்டால் எங்கள் மேசை வேறொருவருக்கு.

ஜனவரி 28

சோதனைக் கூடத்துப் பெண் பொறுமைசாலி. ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"தைச்சதுக்கப்புறம் எங்க வெச்சிருந்தீங்க?"

"அலமாரியிலதான். புது அலமாரி."

"பிளைவுட்டா?"

"ஆமா."

"பிளைவுட் ஒட்டுற பசையிலேர்ந்து ஃபார்மலின் கொஞ்சம் கொஞ்சமா காத்துல வந்துக்கிட்டே இருக்கும்மா. பக்கத்துல பருத்தி இருந்தா உறிஞ்சிக்கும். புது வாசனை அடிக்குதா?"

அடிக்கிறது. ஒரு மாதமாக அந்த வாசனையைத்தான் நான் வருவோர் போவோருக்கெல்லாம் கதவைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன்.

துவைத்தால் பெரும்பாலும் போய்விடுமாம். "ஆனா துவைச்சதப் புதுசுன்னு காட்டுவீங்களா?" என்றாள். சரிதான்.

இவரிடம் சொல்வதற்குத்தான் கால் மணி நேரம் தயங்கினேன். "அப்ப என் அலமாரி மூச்சு விடுதுங்கிற" என்றார். முகம் சுருங்கியது. சாப்பிட்டு முடித்ததும் திருப்புளியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். வரும்போது சட்டையெல்லாம் தூசி. கதவுகளைக் கழற்றி, அலமாரியைப் பின்பக்கம் வெயிலுக்குத் தள்ளிவிட்டாராம். "அங்க எவ்வளவு வேணாலும் மூச்சு விடட்டும்."

ஜனவரி 29

துணிச் சுருள்களும் அதே அலமாரியில்தான் இருந்தன. எல்லாமே போச்சு. ஆலையிலிருந்து புதுத் துணி வர மூன்று வாரம். அவசரமாகக் கேட்டாலும் சோதனைக்கு ஒரு வாரம். கூட்டிப் பார்த்தால் மேசை கிடைக்காது.

தையல் அக்கா சாயங்காலம்வரை மெஷின்களைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். போகிற நேரத்தில் தான் உட்கார்ந்திருந்த தகரப் பெட்டியை முட்டியால் தட்டினாள். "ரெண்டு வருஷமா இது மேலதான் உக்காந்திருக்கேன். உள்ள என்னன்னு உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எதுக்கு ரெண்டு பேரும் தெரியாத மாதிரி இருக்கோம்?"

அது கத்திரியின் விடுதிப் பெட்டி.

ஜனவரி 30

திறந்தேன். பூட்டு இல்லை, ஒரு கம்பிதான். பழைய சோப்பு வாசனை. எங்கள் அறை எண்ணைச் சுரண்டி எழுதியது மூடியின் உட்புறம் அப்படியே இருக்கிறது.

எட்டுச் சட்டைகள். ஒவ்வொன்றும் தனித்தனிப் பாலித்தீன் பையில், வாய் ஒட்டி. அலமாரிக் காற்று இவற்றைத் தொட்டிருக்காது. குட்டி பிறந்து நான் வீட்டோடு கிடந்த எட்டு மாதமும் நாங்கள் சேர்ந்து தொடங்கிய பட்டறையைக் கத்திரி ஒருத்திதான் நடத்தினாள். வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருவாள். கட்டிலில் குட்டிக்குப் பக்கத்தில் காகிதத்தை விரித்து அளவு வரைவாள். ஒவ்வொரு மாதமும் ஒரே மாதிரி இரண்டு: ஒன்று குட்டிக்கு, ஒன்று மாதிரிக்கு. மாதிரிகள்தான் இவை.

எல்லாவற்றிலும் தையல் வெளிப்பக்கம் இருக்கிறது. ஏழாவது பையை மட்டும் பிரித்து, உட்புறத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு நூல்கூட உரசவில்லை.

இந்தத் தையலால்தான் சண்டை. நான் வேலைக்குத் திரும்பிய வாரம், "திருப்பிப் போட்ட மாதிரி இருக்கு, கடையில சிரிப்பாங்க" என்றேன். "குழந்தை தோலு சிரிக்காது, அழும்" என்றாள். நானும் விடவில்லை, அவளும் விடவில்லை. கடைசியில் சொன்னேன்: "குழந்தை வளக்குறவளுக்குத்தான்டி அதெல்லாம் தெரியும். உனக்கு என்ன தெரியும்?"

அவள் கையிலிருந்ததை மேசையில் வைத்தாள். "சரி" என்றாள். அவ்வளவுதான். அப்படியே போனவள்தான், பெட்டியைக்கூட எடுத்துப்போகவில்லை.

அதன்பிறகு தையலெல்லாம் உள்பக்கம்தான் போடுகிறோம்.

ஜனவரி 31

ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு சீட்டு இருக்கிறது. அளவு எழுதிய சீட்டு என்று நேற்றே மூடி வைத்துவிட்டேன். இன்று படித்தேன்.

"மே 6. கை அரை அங்குலம் குறை. விரலைத் தேடுகிறாள், கிடைக்கவில்லை, கோபம் வருகிறது."

"ஜூன் 11. கவலை குளிக்கப் போயிருக்கிறாள். அழுதால் கூப்பிடச் சொன்னாள். அழுதாள். கூப்பிடவில்லை. நிதானமாகக் குளிக்கட்டும்."

"செப்டம்பர் 3. மாலை. தானாகக் குப்புற விழுந்தாள். முதல் தடவை. கவலை தூங்குகிறாள், மூன்று நாள் கழித்து இன்றுதான். எழுப்பவில்லை. குட்டியைத் திருப்பி மல்லாக்கப் போட்டுவிட்டேன். அம்மாவே முதலில் பார்க்கட்டும். இனி முடிச்சு முன்பக்கம் வேண்டாம், நெஞ்சில் அழுந்தும். பக்கவாட்டுக்கு மாற்று."

குட்டியின் முதல் வருஷப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து: "செப்டம்பர் 5. இன்று முதன்முதலாகக் குப்புற விழுந்தாள். நான் பார்த்தேன்."

நான் பார்த்தேன்.

அன்னிக்கு முதல்ல அவளுக்குத்தான் போன் பண்ணேன். பட்டறையில மெஷின் சத்தம். "நெஜமாவா? எப்ப? எந்தப் பக்கமா திரும்பினா?" அப்படித்தான் கேட்டா. எந்தப் பக்கமான்னு கேட்டா. ஒண்ணுமே தெரியாத மாதிரி, மூச்சு வாங்கிக்கிட்டு. நான் வேற விலாவாரியா சொல்லிக்கிட்டிருந்தேன்.

அவகிட்டப் போய்ச் சொன்னேனே, உனக்கு என்ன தெரியும்னு.

பிப்ரவரி 3

சோதனைக்குக் கொடுத்தால் சட்டையை வெட்டிவிடுவார்கள், திரும்ப வராது. வெள்ளையில் ஒன்று, இளமஞ்சளில் ஒன்று வேண்டும். எதைக் கொடுப்பது? ஒரு மணி நேரம் எட்டையும் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தையல் அக்கா வந்து, "மூணாவது சீட்டும் ஏழாவது சீட்டும் வெறும் அளவுதான். அந்த ரெண்டையும் அனுப்பு. அஞ்சாவதத் தொடாத" என்றாள்.

அவளுக்கு எப்படித் தெரியும்? பையைப் பிரிக்காமலே சீட்டைப் படிக்கலாம். பாலித்தீன்தானே.

சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு சட்டைகளையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மீதி ஆறையும் பை பிரிக்காமல் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 7

குட்டிக்கு லேசாகச் சளி. ஐந்து பக்கப் பட்டியலில் சளிக்கு இடமே விடவில்லை.

பிப்ரவரி 11

தேறிவிட்டது. இரண்டும். சான்றைச் சங்கத்தில் கொடுத்தேன்.

அக்காவிடம் சொன்னதும் பெட்டியை ஒருமுறை துடைத்தாள். அப்புறம் பழையபடி அதன்மேல் உட்காரவில்லை. முக்காலி கொண்டுவந்திருக்கிறாள்.

பிப்ரவரி 15

இந்நேரத்துக்கு எழுதுவதற்கு மன்னித்துக்கொள், கத்திரி. இந்தத் தடவை யாரிடம் என்ற சந்தேகமே இல்லை.

இன்று செயலாளர் பட்டறைக்கு வந்து ஆறு சட்டைகளையும் பார்த்தார். "ஆறு போதும்மா, நாம காட்டத்தானே போறோம்" என்றார். அப்புறம் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தையல் வெளிய இருக்கே, தெரிஞ்சு பண்ணதா?" என்று கேட்டார். தெரிந்துதான், குழந்தையின் தோலில் உரசக்கூடாது என்றேன். "யாரோட யோசனை?" என்றார். எங்க பார்ட்னரோடது என்றேன். வாய் தவறி வந்ததில்லை. ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த வார்த்தை.

மேசையில் வைக்கும் அட்டையில் இரண்டு பெயர் போடலாமாம். பயணப் படிவத்தில் இரண்டாவது கட்டம் இன்னும் காலி. அக்காவை வரச்சொல்லிக் குட்டியின் அப்பா சொன்னார். "என்னைத் தரையில விடு" என்றுவிட்டாள். உன் முகவரியும் அவள் தந்ததுதான். சீருடைக் கம்பெனியில் கட்டிங் பார்க்கிறாய், மாடி அறை, மாதம் ஒரு தடவை அவளுக்குப் போன் செய்கிறாய். "நீ கேக்கல, நான் சொல்லல" என்றாள்.

அன்று நான் சொன்னது தப்பு. பொய்யும்கூட. செப்டம்பர் 3 சீட்டைப் படித்துவிட்டேன். குட்டியின் புத்தகத்தில் என் வரியை அடிக்கவில்லை. அதற்கு மேலே இடம் இருந்தது, உன் தேதியை எழுதி உன் பெயரைப் போட்டிருக்கிறேன்.

சட்டைகள் உன்னுடையவை. பெட்டியும் உன்னுடையது. உன்னைக் கேட்காமல் இரண்டை வெட்டக் கொடுத்துவிட்டேன். மீதி ஆறை நீ சம்மதித்தால்தான் எடுத்துப்போவேன். வேண்டாம் என்றால் வேண்டாம், மேசையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். கோபமாகச் சொல்லவில்லை. நீ கூட வருவாயா என்பதுதான் நான் கேட்க விரும்புவது. பாஸ்போர்ட் உனக்கும் இன்னும் ஒன்றரை வருஷம் செல்லும். ஒரே நாளில் வாங்கியதுதானே.

குட்டிக்கு உன்னை நினைவில்லை. எட்டு மாதத்தில் பார்த்தது எப்படி இருக்கும்? ஆனால் நாளை தபால் அலுவலகத்தில் இந்த நோட்டை அவள்தான் கொடுக்கப்போகிறாள், இரண்டு கையாலும். இப்போதெல்லாம் எதையும் அப்படித்தான் கொடுக்கிறாள். வாங்கியதும் படிக்க வேண்டும், அதுதான் முறையாம்.

ஜனவரி 11 முதல் இடப்பக்கங்கள் எல்லாம் காலியாகவே இருக்கின்றன. 22ஆம் தேதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். நோட்டு திரும்பி வர நேரமாகும் என்றால் போனில் ஒரு வார்த்தை சொல், என் எண் பழையதுதான்.

சீக்கிரம் பதில் போடு.