ஐம்பத்திரண்டு என்று எழுதினேன்

அக்கா,

இன்று காலை அலுவலகத்தைத் திறந்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு உட்கார்ந்ததுமே ஒரு பெண் வந்தார். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலையாம். மாதம் கொஞ்சம் சேர்த்து வைக்க வேண்டும், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். விண்ணப்பத்தை எடுத்தேன். பெயர், கணவர் பெயர், தெரு எல்லாம் மளமளவென்று சொல்லிக்கொண்டே வந்தவர், வயது என்று கேட்டதும் சிரித்துவிட்டார்.

"அது யாருக்குத் தெரியும்? நீயே பாத்துப் போட்டுக்கம்மா."

பேனாவை மூடி வைத்துவிட்டேன். ரேஷன் கார்டு இல்லாமல் எழுத முடியாது என்று நான் சொன்ன விதம் தேவைக்கு மேல் கடுமையாக இருந்திருக்க வேண்டும். அவர் முகம் சுருங்கிப்போய், "நாளைக்கி எடுத்தாறேன்" என்று எழுந்து போனார். அதற்கப்புறம் எனக்கு வேலை ஓடவில்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் படிக்கப்போவதில்லை என்று தெரியும். இருந்த காலத்திலும் படிக்கத் தெரியாது என்றுதான் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

கடல் ஊருக்குள் வந்துபோன அடுத்த வருஷம் நான் இந்த வேலையில் சேர்ந்தேன். குறிஞ்சிப்பாடியில் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த பெண். கடற்கரைக் கிராமங்களில் குழு அமைத்து, கூலிக்காரர்களையும் மீன்காரப் பெண்களையும் சேமிக்க வைக்கும் ஒரு தொண்டு நிறுவனம் கடலூரில் ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தேன். உங்கள் ஊருக்கு நான் வந்த முதல் நாள், நீங்கள் மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தீர்கள். என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

"இதுவரிக்கும் வந்தவங்க எல்லாம் குடுக்க வந்தாங்க. நீ என்னாடான்னா எங்ககிட்ட வாங்க வந்திருக்கிற" என்றீர்கள். கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் குழுவில் சேர்ந்தீர்கள் என்று பிறகு சொன்னீர்கள். "பச்சப் புள்ளைய அழ வெச்சிட்டமேன்னு இருந்திச்சி."

அலை உங்கள் கணவரையும் வீட்டையும் கொண்டுபோயிருந்தது. மிஞ்சியது மகள் செல்வி. அவளுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. அப்போதே இருபத்தைந்து வயதிருக்கும். ஆனால் மீன் அரிவதில் அந்த ஊரிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை. நீங்களும் அவளும் கையாலேயே சண்டை போட்டுக்கொள்வதைப் பார்த்து எத்தனையோ நாள் சிரித்திருக்கிறேன். கோபம் வந்தால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அதற்குமேல் உங்களால் ஒரு வார்த்தை பேச முடியாது.

குழு தொடங்கி ஒரு வருஷம் போல ஆனபின், காப்பீட்டோடு கூடிய ஒரு சேமிப்புத் திட்டத்தை எங்கள் நிறுவனம் கொண்டுவந்தது. மாதா மாதம் சிறு தொகை. கட்டுகிறவர் இறந்துவிட்டால், அவர் பிள்ளைக்குக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து மொத்தமாக ஒரு தொகை வரும். சேரும்போது ஐம்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. நான் விளக்கி முடிப்பதற்குள் நீங்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்துவிட்டீர்கள்.

"வயசு என்னாக்கா?"

வலைக் கொட்டகையில் அன்று நடந்த கூத்தை மறக்க முடியாது. பிறந்த தேதி போட்ட காகிதம் ஒன்றும் உங்களிடம் இல்லை, ரேஷன் கார்டை அன்று நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை. ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். எங்கம்மா கல்யாணத்துக்கு அக்கா பாவாடை கட்டிக்கொண்டு வந்திருந்தது என்றாள் ஒருத்தி. இல்லை, கைக்குழந்தையோடு வந்தது என்றாள் இன்னொருத்தி. நீங்கள் கையை வீசி அத்தனை பேரையும் அடக்கினீர்கள்.

"அம்பதுன்னு போடு, அறுவதுன்னு போடு. மீனு அதே வெலதான் போவப்போவுது. நீயே பாத்துப் போடும்மா."

நான் உங்களைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. ஆனால் நிறை கூடையை ஒரே மூச்சில் தலைக்கு ஏற்றுகிற கை. ஐம்பத்திரண்டு என்று எழுதினேன்.

ஏன் ஐம்பத்திரண்டு? இதை உயிரோடிருக்கும் யாரிடமும் நான் சொன்னதில்லை. அந்த மாதம் எனக்கு இன்னும் நான்கு பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஐம்பத்தைந்துக்குள் அடங்க வேண்டும், விளிம்பில் நின்று கேள்வி வரவும் கூடாது. அப்படி யோசித்து எழுதிய எண் அது. உங்கள் முகத்தைப் பார்த்து எழுதியது பாதிதான்.

நீங்கள் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. மீன்பிடித் தடைக் காலத்தில் கருவாடு விற்றாவது கட்டினீர்கள். "நிவாரணம் வந்தப்ப சொந்தம்னு எத்தினி பேரு வந்தாங்க தெரியுமா? அது தீந்ததும் ஒருத்தரும் இல்ல. நான் போனப்புறம் இவ கையில ஒண்ணு இருக்கணும். அத வெச்சி இவ யாரு வாசல்லயும் போயி நிக்காம இருக்கணும்" என்பீர்கள்.

நாலு வருஷம் கழித்து, எல்லோரிடமும் வயதுச் சான்று வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது. பள்ளிக்கூடம் போனவர்கள் அங்கே கேட்டு வாங்கலாம் என்று கூட்டத்தில் அறிவித்தேன். அதற்கு அடுத்த வாரம் சிதம்பரம் கிளையில் வேலை முடித்துக்கொண்டு மத்தியான பஸ்ஸில் திரும்பினேன். கடைசி சீட்டில், காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். வாரத்தில் இரண்டு நாள் சிதம்பரத்துக்கு மீன் கொண்டுபோவது உங்கள் வழக்கம். பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். புதுச்சத்திரம் தாண்டியதும் கேட்டீர்கள்.

"ஏம்மா, வயசு ஜாஸ்தின்னு தெரிஞ்சா என்னா பண்ணுவாங்க?"

"கட்டின பணத்தத் திருப்பிக் குடுத்துட்டுப் பேர எடுத்துடுவாங்கக்கா."

"அப்ப செல்விக்கு ஒண்ணும் வராதா?"

"வராது."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அப்படித் திரும்பியபடியே, "எழுதுனவங்கள என்னா பண்ணுவாங்க?" என்றீர்கள்.

நான் சிரித்தேன். "வேலைய வுட்டு அனுப்பிடுவாங்க. ஏங்க்கா, வயசுக்கு எதுனா பேப்பர் கெடச்சிச்சா?"

"எங்கேருந்து கெடைக்கும்? எல்லாத்தியுந்தான் அலை கொண்டுட்டுப் போச்சே."

எனக்கு அந்தப் பதில் நிம்மதியாக இருந்தது. 'சான்று இல்லை' என்று குறித்து மேலே அனுப்பினேன். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நீங்கள் தொடர்ந்து கட்டினீர்கள், நான் தொடர்ந்து வாங்கினேன்.

அதற்கப்புறம் அந்தப் புயல் வந்தது. விடிகாலையில் உங்கள் வீட்டுக் கூரைத் தகடு பறந்து போயிற்று. மழையிலும் ஈரத்திலும் நாள் கணக்கில் கிடந்து, அடுத்த மாதம் காய்ச்சலில் விழுந்தீர்கள். பெரியாஸ்பத்திரிக்கு நான் வந்தபோது மத்தியானம். செல்வி உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"செல்விக்கு அந்தப் பணம் வந்துடும்ல?"

"கண்டிப்பா வந்துடும்க்கா. அதப் பத்தி ஏன் இப்பப் பேசுறீங்க?"

நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஏதோ சொல்ல வந்து நிறுத்தியதுபோல் இருந்தது. மூச்சுத் திணறலில்தான் என்று நினைத்தேன். மறுநாள் நீங்கள் இல்லை.

காப்பீட்டுப் பணம் கேட்கும் விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்து அனுப்பினேன். ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. அலைக்குப் பிறகு முகாமில் கொடுத்த ரேஷன் கார்டில், உங்கள் நரைத்த தலையைப் பார்த்து யாரோ ஒரு அதிகாரி அறுபத்தொன்று என்று எழுதியிருக்கிறார். எங்கள் படிவத்தில் ஐம்பத்திரண்டு. சரியான சான்று கொடுங்கள், இல்லாவிட்டால் பணம் இல்லை என்று கடிதம். அவரும் பார்த்துத்தான் எழுதினார், நானும் பார்த்துத்தான் எழுதினேன்.

அலையாத இடமில்லை. கடைசியில் உங்கள் தம்பியைக் கண்டுபிடித்தேன். கிள்ளைப் பக்கம் இறால் குட்டையில் காவல் வேலை பார்க்கிறார். நான் கேட்டதும், "ஏன், அக்கா பள்ளிக்கூடத்துல படிச்சிதே" என்றார். "சிதம்பரத்துல எங்க அத்தை வூட்ல தங்கி ரெண்டாங் கிளாசு வரிக்கும் படிச்சிது. அம்மா செத்ததும் எங்களப் பாத்துக்க ஆள் இல்லாம நிறுத்திட்டாங்க." பள்ளிக்கூடம் இருக்கும் தெருவையும் சொன்னார். அன்றைக்கே பஸ் ஏறினேன். ஐம்பத்தைந்துக்குள் ஒரு எண் இருக்க வேண்டும் என்று சிதம்பரம் போய்ச் சேரும்வரை வேண்டிக்கொண்டே போனேன்.

தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். பீரோவிலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினார். நான் பெயரைச் சொன்னதும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தப் பேர ஏற்கெனவே தேடிக் குடுத்திருக்கேனே. ஒரு ரெண்டு வருஷம் இருக்கும். மீன் விக்கிற அம்மா ஒருத்தங்க வந்தாங்க. கூடைய கேட்டுக்கு வெளியில வெச்சிட்டு வந்து நின்னாங்க. சொந்தக்காரங்களுக்குப் பாக்கணும்னாங்க. நான் கணக்குப் போட்டு வயசச் சொன்னேன். சர்ட்டிபிகேட் எழுதித் தரவான்னு கேட்டதுக்கு, வேணாம் சார்னு கும்புட்டுட்டுப் போயிட்டாங்க."

விரலை வைத்து அந்த வரியைக் காட்டினார். திட்டத்தில் சேர்ந்த அன்று உங்களுக்கு ஐம்பத்தேழு முடிந்திருந்தது.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன் அக்கா. "சார், ஒரு மூணு வயசு மட்டும் கொறச்சி எழுதிக் குடுக்க முடியுமா? வாய் பேச வராத பொண்ணு சார். அதுக்கு வேற யாரும் இல்ல."

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எவரோ ஒரு வாத்தியார் அம்பது அறுவது வருஷத்துக்கு முன்ன ஒழுங்கா எழுதி வெச்சிருக்காரும்மா. அத நான் எப்பிடி மாத்துறது?"

கீழவீதி வழியாக பஸ் நிலையத்துக்கு நடந்து வந்தது எனக்கு நினைவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. காலிக் கூடையோடு நீங்கள் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்துதான் வந்திருக்கிறீர்கள். உண்மையைச் சொன்னால் செல்விக்கு என்ன ஆகும் என்று கேட்டீர்கள். எனக்கு என்ன ஆகும் என்றும் கேட்டீர்கள். இரண்டுக்கும் பதிலைக் கேட்டுவிட்டு, ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னீர்கள். செல்விக்காக மறைத்தீர்களா, எனக்காக மறைத்தீர்களா? அன்றே சொல்லியிருந்தால், அதற்கப்புறம் கட்டியதையாவது வேறெங்காவது பத்திரமாகப் போட்டிருப்பீர்கள். தெரிந்துகொண்டேதான், மாதா மாதம் என் கையில் கொண்டுவந்து கொடுத்தீர்கள். ஆஸ்பத்திரியில் நான் 'கண்டிப்பா' என்றபோது நீங்கள் பார்த்த பார்வை எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இனி வழியில்லை.

எங்கள் மேலாளரிடம், வயதை நானாகப் பார்த்துப் போட்டேன் என்று மட்டும் சொன்னேன். வேலையை விட்டு அனுப்பவில்லை. "அந்தக் காலத்துல எல்லாருமே அப்பிடித்தான் எழுதினோம்" என்றார். அனுப்பியிருந்தால் கொஞ்சம் தேவலை என்றிருந்தது. நீங்கள் கட்டிய தொகை மட்டும் காசோலையாக வந்தது.

செல்வி அதை வாங்க வந்தாள். இவ்வளவுதானா என்று இரண்டு கையையும் விரித்துக் கேட்டாள். எப்படிச் சொல்வது? சுவரில் மாட்டியிருந்த குழுப் படத்தில் உங்களைக் காட்டினேன். தலைமுடியைத் தொட்டுக் காட்டினேன். பத்து விரலையும் ஐந்து முறை விரித்து மூடி, அதற்குமேல் ஏழு விரல் காட்டினேன். என் அம்மாவைக் கிழவி என்கிறாயா என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. வேகமாகத் தலையை ஆட்டினாள். எழுந்து நின்று, இல்லாத கூடையைக் குனிந்து எடுத்துத் தலையில் வைத்து, நிமிர்ந்து நடந்து காட்டினாள். அவ்வளவு பெரிய கூடை, அவ்வளவு தூரம், கிழவியா தூக்குவாள்? அலுவலகமே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

குழுப் பெண்கள் சேர்ந்து அவளுக்குக் கூரை போட்டுக் கொடுத்தார்கள். இப்போது மார்க்கெட்டில் உங்கள் இடத்தில் அவள்தான் உட்காருகிறாள். விலையை விரலால் காட்டுகிறாள். யாராவது பேரம் பேசினால் கண்ணை மூடிக்கொள்கிறாள். பேரம் அத்தோடு முடிந்தது. நீங்கள் பார்த்தால் சிரித்திருப்பீர்கள். ஆனால் அவளுக்குக் காய்ச்சல் வந்த வாரம் கடை இல்லை, அடுப்பும் எரியவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் பாத்திரத்தோடு நின்றாள் என்று கேள்விப்பட்டேன். எது நடக்கக் கூடாது என்று ஆறு வருஷம் கட்டினீர்களோ அது நடந்துவிட்டது.

சனிக்கிழமை தோறும் போய் அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். நல்ல மீனாக எடுத்து, ஆய்ந்து, எனக்கென்று தனியாக வைத்திருப்பாள். காசு கொடுத்தால் வாங்க மாட்டாள். நெஞ்சைத் தொட்டு, என்னைக் காட்டி, கையை மேலே உயர்த்துவாள். அம்மாவுக்கு நீ வேண்டியவள் என்று அர்த்தம்.

கைப்பேச்சு தெரியாததால்தான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கொஞ்சம் வருகிறது. அவளேதான் கற்றுக்கொடுத்தாள். 'நான்' என்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். 'எழுதினேன்' தெரியும். 'தப்பு' என்பதை முந்தாநாள் சனிக்கிழமை காட்டினாள், எடை குறைத்துக் கொடுத்த ஒரு வியாபாரியைத் திட்டும்போது. மூன்றும் எனக்கு இப்போது தெரியும் அக்கா. சேர்த்துச் சொல்லத்தான் கை எழவில்லை.