தொப்பிக்காரன் வர மாட்டான்

அரியலூர்,
விய வருஷம் ஐப்பசி மாதம்

சிரஞ்சீவி தர்மராஜுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதியது. இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் சௌக்கியம், மற்றதைக் கேட்காதே. பம்பாயில் நீ நோய் நொடி இல்லாமல் இருக்கிறாயா என்பதை நீ எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். உன் கடுதாசி தீபாவளிக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. ரேஷனில் கோதுமைதான் போடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய், அதைக் கஞ்சியாக வைத்துக் குடி, ரொட்டியாகத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. இங்கே மழை பரவாயில்லை, குன்னத்துப் பக்கம் வெங்காயம் அழுகிப்போயிற்றாம், நமக்குக் கடலை எப்படியோ தப்பித்தது. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. அப்பா வயலுக்குப் போகிறார், வருகிறார், போட்டதைச் சாப்பிடுகிறார். மாட்டையும் வெங்காயத்தையும் எழுதிக்கொண்டே போகிறேன் பார், நீ கேட்டதற்குப் பதில் எழுதப் பயந்துகொண்டுதான்.

கார்த்திகையில் லீவு போட்டு வருகிறேன் என்கிறாய். நேரே பஞ்சவர்ணத்தின் மாமனார் வீட்டுக்குப் போய், அந்த வைத்திலிங்கத்தை அவர் கூடத்திலேயே நிற்க வைத்து, என் தங்கச்சி கிணற்றில் எப்படி விழுந்தாள் என்று கேட்கப் போகிறேன் என்கிறாய். கேள்விகளை வேறு வரிசையாக அடுக்கியிருக்கிறாய். தண்ணீர் இறைக்க ஆள் வைத்திருக்கிற வீட்டில் மருமகள் எதற்கு விடியுமுன் கிணற்றடிக்குப் போனாள், இடுப்பு உயரம் சுவர் எழுப்பின கிணற்றில் எப்படிக் கால் தவறும், கழுத்து ஏன் கன்றியிருந்தது என்று. படித்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது தம்பி, இது நீ பேசுகிற பேச்சு இல்லை, கதையில் வருகிற அந்தத் தொப்பிக்காரன் பேசுகிற பேச்சு.

மாசாமாசம் ஸ்டேஷன் புத்தகக் கடையிலிருந்து அந்தத் துப்பறியும் நாவலை வாங்கிக்கொண்டு வருவாய், யுத்தத்தில் காகிதம் கிடைக்காமல் புத்தகம் இளைத்துப்போனபோதும் விடவில்லை. நானும் பஞ்சவர்ணமும் கடலை உடைத்துக்கொண்டிருப்போம், நீ சத்தமாகப் படிப்பாய். கொலை செய்தது யார் என்று நாங்கள் கவலைப்பட்டதே இல்லை, கண்டுபிடிக்கிற பக்கம் வந்தால் அவள் கொட்டாவி விடுவாள். எங்களுக்கு வேண்டியது துப்பறிகிற தொப்பிக்காரனின் வாய். ஜமீன்தார் மீசையை முறுக்கிக்கொண்டு, நான் யார் தெரியுமா என்பார், உங்களுக்கே மறந்துபோச்சுங்களா, டாக்டரைக் கூப்பிடட்டுமா என்பான் அவன். இன்ஸ்பெக்டர் சாவகாசமாக வந்து இறங்குவார், வாங்க சார், பொணம் ஆறிப்போறதுக்குள்ள வந்துட்டீங்க என்பான். நான் சிரித்த சிரிப்பில் முறம் கவிழ்ந்து கடலை கூடமெல்லாம் ஓடியது உனக்கு நினைவிருக்கும். அப்பா உள்ளேயிருந்து என்ன இளிப்பு என்று அதட்டுவார், அப்புறம் அவரே வந்து நிலையில் சாய்ந்துகொண்டு கேட்பார். ஏன் அது அப்படி இனித்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை, இப்போது யோசிக்க எனக்கு வேண்டிய நேரம் இருக்கிறது. பெரிய வீட்டு வாசலில் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிற ஜனம் நாம். சம்பந்தம் செய்த பிறகும் உன் அப்பாவின் துண்டு கையில்தான் இருந்தது. அவன் ஒருத்தன், உத்தியோகம் கிடையாது, ஆள்பலம் கிடையாது, வாடகை அறையில் படுத்துக்கிடக்கிறவன், அப்பேர்ப்பட்ட கூடத்துக்குள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் போய் உட்கார்ந்து, நாம் முழுங்கி வைத்த பேச்சையெல்லாம் சிரித்துக்கொண்டே பேசிவிட்டு எழுந்து வருகிறான். கடைசிப் பக்கத்தில் உயிரோடும் இருக்கிறான். அதற்குத்தான் நமக்கு அவ்வளவு ஆசை.

ஆனால் தம்பி, நீ கேட்கிற கேள்விக்கெல்லாம் இங்கே எல்லாருக்கும் பதில் தெரியும், துப்பறிய ஒன்றும் இல்லை. பங்குனியில் அவர்கள் வீட்டில் காதுகுத்து விருந்து. வைத்திலிங்கம் பந்தியில் நின்றுகொண்டு, ஊரே காய்ந்தாலும் என் வீட்டுக் கிணறு வற்றியதில்லை என்று பெருமை பேசியிருக்கிறார். இலைக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த உன் தங்கச்சி, "இந்த வூட்டுப் பொம்பளைங்க அழுதுகிட்டே இருக்காங்கல்ல மாமா, எப்படி வத்தும்?" என்று கேட்டுவிட்டாள். பந்தியே சிரித்ததாம். அன்று ராத்திரி மாப்பிள்ளை அவளை அடித்தார், தன் அப்பன் சொல்லி அடித்தார், அடியிலேயே அவள் போய்விட்டாள், அப்புறம்தான் கிணறு. வண்டிக்கார வீரமுத்துதான் இறங்கித் தூக்கினான். வயிற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை அம்மா என்று அவனே என்னிடம் வந்து அழுதான், விசாரணையில் கால் தவறி விழுந்துட்டாங்க என்று கைநாட்டும் வைத்தான். அவன் குடிசை நிற்பது அவர்கள் இடத்தில், அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பந்தியில் சிரித்தவர்களும் கால் தவறியது என்றுதான் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் மத்தியானத்துக்கு வந்தார், முதலில் உள்ளே போய்ச் சாப்பிட்டார், வெற்றிலையை மென்றுகொண்டு கிணற்றைப் பார்க்க வந்தார். உன் தங்கச்சி பாயில் கிடந்தாள். பொணம் ஆறிப்போறதுக்குள்ள வந்துட்டீங்க என்ற வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்தது, சத்தியமாக வந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. காரியம் முடிந்த பிறகு அப்பா நியாயம் கேட்கப் போனார், என்ன பேசுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். வைத்திலிங்கம் எழுந்து வந்து கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, தன் கையாலேயே காபி கொடுத்து, "கொழந்தை எங்ககிட்ட வளருது, பாத்துப் பேசுங்க சம்பந்தி" என்றாராம். அப்பா அந்தக் காபியைக் குடித்துவிட்டு வந்து நம் கொல்லையில் வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகு காபியைத் தொடுவதில்லை. ஆவணியில் மாப்பிள்ளைக்கு மறு கல்யாணமும் ஆகிவிட்டது. தொப்பிக்காரனுக்குத் தங்கச்சி குழந்தை என்று ஒன்று எந்தப் புத்தகத்திலாவது உண்டா சொல், நான் யோசித்துப் பார்த்துவிட்டேன், கிடையாது. பெற்றதில்லை, பெண் கொடுத்ததில்லை, அதனால்தான் அவனுக்கு அந்த வாய். நமக்குப் பஞ்சவர்ணம் பெற்ற ஆண்டாயி அந்த வீட்டில் இருக்கிறாள். இன்னொன்று, நான் அந்தப் புத்தகங்களைப் படித்துக் காட்டித்தான் தங்கச்சி அப்படிப் பேசப் பழகினாள், நான்தான் அவளைக் கொன்றேன் என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவளுக்கு அந்த வாய் என் வயிற்றிலிருந்து போனது. என் பாவத்தில் நீ பங்கு கேட்காதே.

தீபாவளிக்கு ஆண்டாயியை அனுப்பினார்கள், காலையில் வந்து பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும் என்ற ஏற்பாட்டில். அவர்கள் வீட்டு வேலைக்காரி பொன்னம்மாள் கூடவே வந்தாள், நாம் பேசுவதைக் கேட்டுப் போய்ச் சொல்லத்தான். குழந்தைக்கு முன்பல் விழுந்திருக்கிறது, எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி நீ அனுப்பின சீட்டிப் பாவாடையைக் கட்டிவிட்டேன், அளவு கொஞ்சம் பெரிசு, மடித்துத் தைத்திருக்கிறேன். வெயில் தாழ்ந்ததும் பொன்னம்மாள், நேரமாச்சு, தாத்தா கோவிச்சுக்குவாரு என்று அவசரப்படுத்தினாள். குழந்தை அதிரசத்தைக் கடித்துக்கொண்டே, "கோவிச்சுக்கட்டும், அவருக்கும் பொழுது போவணுமில்ல" என்றாள். அதே தலைச்சாய்ப்பு, அதே குரல். அப்பா சிரித்துவிட்டார், பங்குனிக்குப் பிறகு இப்போதுதான் சிரிக்கிறார். பொன்னம்மாளும் சிரித்தாள், சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பாய்ந்து போய்க் குழந்தை வாயைப் பொத்தினேன். மெதுவாக இல்லை, பல் விழுந்த இடம் என் உள்ளங்கையில் தட்டுகிற மாதிரி அழுத்திப் பொத்தினேன். "பெரியவங்கள அப்படிப் பேசுனா அம்மாயி வாயில சூடு வெச்சுடுவேன்" என்று சொன்னேன், நான், உன் அம்மா. கையை எடுத்தேன். மிச்ச அதிரசத்தைத் தட்டில் வைத்துவிட்டாள். வண்டி ஏறும்போது போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. பொன்னம்மாள் கையில் ஒரு புடவையைக் கொடுத்து, குழந்தை சொன்னதை அங்கே சொல்லிவிடாதே என்று கெஞ்சினேன். சொல்ல மாட்டேன் என்றுதான் போனாள், சொல்லியிருப்பாள்.

அதனால் தம்பி, நீ வருவதானால் மாமன் முறைக்கு வருகிறவனாக வா. பழம், துணி வாங்கிக்கொண்டு போ, வைத்திலிங்கத்தைப் பார்த்து சௌக்கியங்களா என்று கேள், கொடுக்கிற காபியைக் குடி, குழந்தையைத் தூக்கி ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பி வா. அது உன்னால் முடியாது என்றால் வராதே, நான் உன்னைப் பார்க்காமலே இருந்துகொள்கிறேன். கல்லங்குறிச்சிப் பெருமாள் உன்னைக் காப்பாற்றட்டும், அவளை ஏன் காப்பாற்றவில்லை என்று அவரிடம் நான் இன்னும் சண்டையில்தான் இருக்கிறேன், ஆனாலும் உனக்காக விளக்குப் போடுகிறேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

ஒன்று மறந்துவிடாதே. வருகிற பொங்கலுக்கும் ஆண்டாயிக்கு நீ வாழ்த்துக் கார்டு போடுவாய். அங்கே அவர்கள் படித்துவிட்டுத்தான் அவள் கையில் கொடுப்பார்கள். அதில் வேடிக்கையாக ஒன்றும் எழுதிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜானகி