கதவுகளால் ஆன சுவர்

6 நவம்பர் 1974, புதன். பீர்மேடு.

நல்லேப்பிள்ளிச் சக்கரவர்த்தி ஆறுச்சாமியாகிய நான் நேற்று மலையேறினேன். பஸ் ஏறியதாகத்தான் ஊர் சொல்லும். உண்மையில் மலைதான் என்னைக் கண்டதும் குனிந்து கொடுத்தது. அக்கா மகள் மயிலாத்தாள் வாசலில் நின்று, "ஏனுங் மாமா, பத்து நாளைக்குத்தானுங்?" என்று வரவேற்றாள். என்ன பாசம்! அவள் புருஷன் ரத்தினசாமி இந்த வெண்பாறை எஸ்டேட் ஆபீசில் கிளார்க். பெட்டியை வாங்கி வைத்துவிட்டு ஆபீசுக்கு ஓடிவிட்டான்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் தர்க்க சாஸ்திரம் ஊட்டி, ஒருவனும் விழுங்காத பெருமையோடு ஓய்வு பெற்றவன் நான். எனக்குப் பத்து நாள் போதுமா?

இங்கே மூடுபனி கதவைத் தட்டுவதில்லை. நேராக உள்ளே வருகிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தால் அது எடுத்துப் போட்டுக்கொண்டு என் புத்தகத்தைப் படிக்கிறது.

9 நவம்பர், சனி

பக்கத்து குவார்ட்டர்ஸில் யாக்கோபு என்று ஒருவர். ஃபாக்டரியில் டீ மேக்கர். கொச்சி யூதர். சொந்தபந்தமெல்லாம் இஸ்ரேலுக்குப் போன பிறகும் போகாமல் நின்றுவிட்டவர். மனைவி ரிப்கா. அந்த அம்மாளின் தம்பி ஏலியா, ஃபாக்டரி எலக்ட்ரீஷியன், கீழ் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், தனிக்குடித்தனம். இந்த மலையில் இரண்டே யூத வீடுகள்.

ரிப்காவுக்கு இரண்டு வருஷமாகக் கால் வராது. தேயிலை வண்டிச் சக்கரங்களைப் பிரம்பு நாற்காலியில் மாட்டி ஏலியா ஒரு தேர் செய்து கொடுத்திருக்கிறான். ஆனால் இந்த மேட்டில் அதைத் தள்ள ஆள் வேண்டும். யாக்கோபுக்கு ஓய்வு சனிக்கிழமை மட்டும். ஞாயிறன்றுகூட இலை அரைக்கப் போய்விடுவார். சனிக்கிழமையோ அவர்கள் மதச் சட்டப்படி வீட்டுக்கு வெளியே எதையும் தூக்கக் கூடாது, தள்ளக் கூடாது. கைக்குட்டைக்கே தடை. அப்புறம் அல்லவா தேர்!

"நான் தள்றனுங்க" என்றேன்.

"நான் செய்யக் கூடாதத உங்களச் செய்யச் சொல்லவும் கூடாது, மாஷே." இங்கே வாத்தியாருக்கு மாஷ் என்று பேர்.

"நீங்க சொல்ல வேண்டாமுங்க. நானே தள்றேன்."

"இப்ப நான் ஒத்துக்கிட்டா அது சொன்ன மாதிரிதானே?"

ஜன்னலிலிருந்து ரிப்கா: "ஆறு நாள் எனக்குப் புருஷன் இல்ல. ஏழாம் நாள் வழி இல்ல. விடுங்க மாஷே, ஜன்னலும் நல்ல ஜன்னல்தான்."

கீழே குளத்தோரம் கொழுந்து நிறுக்கும் ஷெட். அங்கே பெண்கள் சிரிக்கும் சத்தம் மூடுபனி வழியாக மேலே வந்தது. அந்த அம்மாள் காதை அந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

11 நவம்பர், திங்கள்

இன்று நான் ஒரு கண்டம் கண்டுபிடித்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று யாக்கோபைக் குறுக்கு விசாரணை செய்தேன். வீட்டுக்குள் எதையும் எடுத்துப் போகலாம். வீடு என்றால்? சுவர் சுற்றி இருக்க வேண்டும். சுவரில் வாசல் இருக்கலாமா? இருக்கலாம். வாசல் என்றால்?

"ரெண்டு கம்பம். மேல குறுக்கே ஒண்ணு. கயிறானாலும் மதி, போதும்."

"கதவு?"

"வேண்டாம்."

எழுந்து உட்கார்ந்தேன். தாளில் எழுதினேன்: x என்பது வாசல் என்றால், இரண்டு கம்பங்கள் உண்டு, அவற்றின் மேல் ஒன்று உண்டு. அவ்வளவே. பலகையைப் பற்றிச் சூத்திரத்தில் பேச்சே இல்லை. சுவரில் இத்தனை பங்கு கல் இருக்க வேண்டும் என்றும் எங்கேயும் இல்லை. ஆகவே வாசல்களால் மட்டுமே ஆன சுவரும் சுவரே! கல் இல்லை, மண் இல்லை, கதவு இல்லை. வாசலுக்குப் பக்கத்தில் வாசல், காற்று போகிற சுவர். இன்னொன்றும் சொன்னார்: செங்குத்தான சரிவும் சுவர்தானாம். அப்படியானால் குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலுள்ள மலையைக் கடவுள் ஏற்கெனவே கட்டி முடித்துவிட்டார். மிச்சம்தான் என் வேலை.

அவர்களுடைய பழைய சட்டப் பெரியவர்களில் ஒருவர் மட்டும் எதிர்ப்பாம். கல்லைவிட வாசல் அதிகமானால் அகல வாசல் செல்லாது என்கிறார். மற்றவர்கள் செல்லும் என்கிறார்கள். என் தர்க்கத்தில் ஒரு முரண் புகுந்துவிட்டால் கதை முடிந்தது, அப்புறம் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். நான் ரஷ்யாவின் மகாராணி என்றுகூட. யாக்கோபின் ஆட்களோ இரண்டு கட்சியையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சோறு போடுகிறார்கள். பிறகு மேலே ஒரு விதி: இந்த எல்லை விஷயத்தில் இளகியவர் பேச்சைக் கேள். விதிகளைப் பற்றிய விதி! இதைக் கற்பிக்காமலா நான் ஓய்வு பெற்றேன்?

14 நவம்பர், வியாழன்

நிரூபணம் முடிந்தது. எஸ்டேட் நெடுகத் தந்திக் கம்பங்கள். இரண்டு கம்பம், மேலே கம்பி: வாசல். அடுத்த இரண்டு: அடுத்த வாசல். இப்படியே வண்டிப்பெரியாறு வரை, ஏன், மூணாறு வரை. ஆக இடுக்கி ஜில்லா முழுவதும் ஒரே வீடு. காட்டு யானைகள் வீட்டு மிருகங்கள். நான் வாயிற்காப்போன்.

ஜன்னலடியில் நின்று இதை முழங்கினேன். ரிப்கா கடைசிவரை கேட்டார். பிறகு ஒரே கேள்வி.

"மாஷே, கம்பி கம்பத்தோட தலை மேல போகுதோ, காதுல தொங்குதோ?"

திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு கம்பத்திலும் பக்கவாட்டில் வெள்ளைப் பீங்கான் காது. அதில்தான் கம்பி.

"தலை மேல இருந்தாத்தான் வாசல்" என்றார். "எங்க அப்பா சொல்லிக் கேட்டிருக்கேன். வருத்தப்படாதீங்க. ஒரு நிமிஷம் எனக்கும் யானை இருந்தது."

15 நவம்பர், வெள்ளி

கம்பத்துக்குக் காது இருக்கிறது. எனக்குத்தான் கண் இல்லை.

17 நவம்பர், ஞாயிறு

புதுக் கம்பங்கள் நடுவோம் என்று முடிவு. பனியைக் கிழித்துக்கொண்டு மானேஜர் பங்களாவுக்குப் படையெடுத்தேன். கம்பம் நட உடனே சரி என்றார். ஏற்கெனவே திருவிழாவுக்கு நாலு பந்தல் போட்ட எஸ்டேட்தானே.

ஆனால் இன்னொரு நிபந்தனை இருக்கிறது. இரண்டு யூத வீடுகள் இருக்கும் இடத்தில் மற்றவர்களுடைய நிலத்தைப் பேருக்காவது வாடகைக்கு வாங்க வேண்டுமாம். கொஞ்சம் வெல்லம் கொடுத்து வாங்கினாலும் போதும். இதைச் சொன்னதும் மானேஜர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"வாடகையா! மாஷ் எந்த நாட்டுல இருக்கீங்க? இந்தக் காலத்துல கேரளத்துல நெலத்த வாடகைக்கு விட்டவன் யாராவது திரும்ப வாங்கியிருக்கானா? கம்பம் நடுங்க, கம்பி கட்டுங்க, திருவிழாவே நடத்துங்க. வாடகைங்கற வார்த்தை மட்டும் இந்தக் காம்பவுண்டுல கேக்கக் கூடாது. எனக்கு ஜோலி போயிரும்."

அவரை நான் குறை சொல்ல முடியாது. என் தகப்பனார் நல்லேப்பிள்ளியில் குத்தகைக்கு விட்ட வயலெல்லாம் இன்று உழுதவர்கள் வயல். சக்கரவர்த்தி என்று கையெழுத்துப் போடுகிறேனே தவிர, சாம்ராஜ்யத்தில் பாக்கி ஒரு தென்னந்தோப்பும் என் வாயும்தான்.

ஒரு சட்டம் வாடகை கொடு என்கிறது. இன்னொரு சட்டத்துக்குப் பயந்து எவரும் வாங்க மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி.

19 நவம்பர், செவ்வாய்

யாக்கோபு சொன்னார், போன சனிக்கிழமை ரிப்கா ஜன்னலைச் சாத்திவிட்டாராம். சிரிப்புச் சத்தம் கேட்டால் தலை வலிக்கிறது என்றாராம்.

அது என்னாலதான். இல்லாத வாசலை எல்லாம் காட்டி ஆசை காட்டிட்டு — பேசாம இருந்திருக்கலாமே. ஜன்னலாவது தொறந்து கெடந்திருக்கும். உன் வாய்க்கு ஒரு தாழ்ப்பாள் கெடையாதா ஆறுச்சாமி?

மயிலாத்தாள், "ஏனுங் மாமா, சோறு எறங்கலீங்ளா?" என்றாள். இரண்டாம் முறை வாங்காமல் எழுந்தது அவளுக்குப் பெரிய சம்பவம்.

21 நவம்பர், வியாழன்

வெற்றி! முரசு கொட்டுக!

காலையில் யாக்கோபு தானாகவே வந்தார். சட்டத்தில் ஒரு மூலை ஞாபகம் வந்ததாம். உடைமைக்காரர்தான் வாடகைக்கு விட வேண்டும் என்பதில்லை. அவரிடம் கூலிக்கு நிற்பவர் விட்டாலும் செல்லும். உடைமைக்காரருக்குத் தெரிய வேண்டியதுகூட இல்லை.

மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். கேரளச் சட்டம் குத்தகைக்காரனை உடைமைக்காரன் ஆக்கியது. இது கூலிக்காரியையே ஜமீன்தாரிணி ஆக்குகிறதே!

நிறுவை ஷெட்டுக்கு இரண்டு பேரும் போனோம். சுருளியம்மாள் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். கொழுந்து எடுப்பவர்களில் மூத்தவள், தேனிப் பக்கத்துக்காரி. விஷயத்தைச் சொன்னேன்.

"யாத்தே! அம்புட்டு எஸ்டேட்டையும் நானா வாடகைக்கு விடணும்?"

"நீதான் விடணும் தாயி. சனிக்கிழமைல ரிப்காம்மா இங்க வர்றதுக்கு."

சிரிப்பு நின்றது. "அந்தம்மா வருமா?" என்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். யாக்கோபு ஒரு வெல்லக் கட்டியை வைத்தார். அங்கேயே கடித்தாள்.

"குடுத்தாச்சு. அந்தா தெரியுற மலையையும் சேத்து வச்சிக்கோங்க. ஏ பிள்ளைகளா, தொர வந்தா இனிமே எங்கிட்டக் கேட்டுட்டு வரச் சொல்லுங்க!"

ஷெட்டே அதிர்ந்தது. மானேஜருக்கு இன்னும் தெரியாது, அவர் ஒரு வெல்லக் கட்டிக்குப் போய்விட்டார் என்று.

22 நவம்பர், வெள்ளி

ஏலியா கம்பங்கள் நட்டு, கம்பியைத் தலை மேல் ஓட்டிவிட்டான். காது இல்லாத, கௌரவமான கம்பங்கள். அவன் வீட்டு மாவும் யாக்கோபு வீட்டுப் பங்கும் சேர்ந்து ஒரே ரொட்டியாக அலமாரியில் இருக்கிறது. அதனால் இரண்டு வீடும் ஒரு வீடாம்.

அந்திக்கு முன் யாக்கோபு கம்பி நெடுக நடந்து பார்த்தார். நான் குடை பிடித்துக் கூடவே போனேன். வெள்ளிதோறும் இப்படிப் பார்க்க வேண்டும்.

"இதுக்கப்புறம் நடுவுல அறுந்து போனா?"

"அறுந்தது தெரியற வரைக்கும் அது அறுந்ததில்ல, மாஷே. வெள்ளி அந்தியில நின்னது சனி முழுக்க நிக்கறதாத்தான் கணக்கு."

"தெரிஞ்சுட்டா?"

"அந்த நிமிஷமே சுவர் இல்ல. நாற்காலி நிக்கற எடத்துலயே நிக்கணும், நட்சத்திரம் வந்து சனி முடியற வரைக்கும்."

விழுந்து விழுந்து சிரித்தேன். கம்பி அறுவதற்கு இவரிடம் முன்கூட்டி விண்ணப்பம் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது! என் தர்க்கத்தில் கம்பி உண்டு அல்லது இல்லை. இவருடையதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் 'தெரியும்' என்று இன்னொரு குறி நிற்கிறது. வீட்டுக்கு வந்து அதற்கு 'தெ' என்று ஒரு எழுத்தும் கொடுத்தேன். வேடிக்கைக்கு.

23 நவம்பர், சனி

எப்படி எழுதுவது?

மூடுபனி. கம்பம் தெரிந்தது, கம்பி தெரியவில்லை. கம்பி தெரிந்தபோது கம்பம் இல்லை. யாக்கோபு தள்ள, தேர் மெல்ல இறங்கியது. ரிப்கா மடியில் ஒரு குடை. மழை இல்லை, வெயில் இல்லை. எதற்கு என்று கேட்டேன்.

"எடுத்துட்டுப் போகலாமே, அதுக்கு."

ஒவ்வொரு கம்பத்தையும் கடக்கும்போது கையை நீட்டித் தொட்டார். "தலையைக் குனிங்க மாஷே, வாசல் இடிக்கும்." குனிந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் தலைக்கு மேல் நிலைப்படி போவதை உணர்ந்தேன். அறை அறையாகக் கடந்து போனோம். ஒவ்வோர் அறையிலும் பனி வேறு நிறம். கடைசி அறையில் ஒரு குளம் இருந்தது. குளத்தோரம் முப்பது பெண்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சுருளியம்மாள் ஓடி வந்தாள். "வா தாயி, என் எஸ்டேட்டுக்கு!"

ரிப்கா சிரித்த சிரிப்பில் குளத்துப் பனி கொஞ்சம் விலகியது. இது மிகையில்லை.

26 நவம்பர், செவ்வாய்

மயிலாத்தாள் காலண்டரைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன்.

30 நவம்பர், சனி

நேற்று அந்தியில் கம்பி சரியாகத்தான் இருந்தது. நானும் பார்த்தேன்.

காலையில் குளத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கண்ணுக்கு முன்னால் கையை நீட்டினால் விரல் தெரியாத பனி. ரிப்காவுக்குக் குளிருமே என்று என் கம்பளியை எடுக்க மேலே போனேன். நிறுவை ஷெட்டைத் தாண்டி மூன்றாம் கம்பத்தடியில் கால் தடுக்கியது. சில்வர் ஓக் கிளை ஒன்று. ராத்திரிக் காற்றில் விழுந்திருக்க வேண்டும். கம்பி புல்லோடு புல்லாகப் படுத்திருந்தது.

நின்றேன்.

சொன்னா அந்தம்மா நட்சத்திரம் வர்ற வரைக்கும் அந்தக் குளிர்ல, அங்கயே. இல்லேன்னா அந்த மனுசன் தூக்கிட்டு வரணும், அப்புறம் வாழ்க்கை பூரா அதையே நெனச்சிட்டிருப்பாரு. சொல்லாட்டி? சொல்லாட்டி கம்பி நிக்குது. அவங்க கணக்குல நிக்குது. எனக்கு மட்டுந்தான் விழுந்துடுச்சு. இது பொய்யா? நான் ஒண்ணும் சொல்லலையே. சொல்லாதது பொய்யாகுமா? முப்பது வருஷம் கத்துக் குடுத்தியே, இப்பச் சொல்லு.

கம்பளியோடு இறங்கினேன்.

"வழியில என்ன விசேஷம் மாஷே?" என்றார் யாக்கோபு. அவர் தினமும் கேட்பது. பால் வாங்கப் போய் வந்தாலே இரண்டு புலியோடு திரும்புகிறவன் நான்.

"பனி" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க."

ரிப்கா என் முகத்தைப் பார்த்தார். "மாஷுக்குக் காய்ச்சலோ?"

திரும்பும்போது நான் கம்பிப் பக்கமாக நடந்தேன், பெரிய குடையை விரித்துக்கொண்டு. மூடுபனி கண்ணியமாக நடந்துகொண்டது. மூன்றாம் கம்பத்தருகே ரிப்கா வழக்கம்போலக் கை நீட்டித் தொட்டார். தலையைக் குனியச் சொன்னார். குனிந்தேன். முன்னைவிட நன்றாகவே.

1 டிசம்பர், ஞாயிறு

சங்கு ஊதுவதற்கு முன்பே ஏணியையும் குறடையும் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டாம் படியில் நின்று கம்பியை முறுக்கிக்கொண்டிருக்கையில் யாக்கோபு ஃபாக்டரிக்குப் போகிற வழியில் வந்துவிட்டார்.

கிளையைப் பார்த்தார். குனிந்து ஓர் இலையை எடுத்து விரலால் நசுக்கினார். இலை வாடினால் எத்தனை நேரம் ஆயிற்று என்று தொட்டே சொல்கிற விரல்கள் அவை. அதுதானே அவர் தொழில். இலையைக் கீழே போட்டார்.

கேட்பார் என்று காத்திருந்தேன். எப்போது அறுந்தது, எப்போது பார்த்தீர்கள். கேள்வி கேட்காமல் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காத மனிதர்.

கேட்கவில்லை. கிளையை இழுத்து ஓரமாகப் போட்டார். திரும்பி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"ரிப்காவுக்குக் குளத்துக்கு அந்தப் பக்கம் போகணுமாம்" என்றார், மேலே பார்க்காமல். "சுருளியம்மா வீடு அங்கதான். இன்னும் எத்தனை கம்பம் வேணும், மாஷே?"

ஆயிரம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். பனி விலகியிருந்தது. அக்கரை வரை பார்த்து எண்ணினேன்.

"நாலு" என்றேன்.