சாயங்காலக் கைகள்

பெப்ரவரி 12, திங்கள்

கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்தில் இன்று பதினொரு பிள்ளைகள். காலையில் எத்தனை பேரை வேண்டுமானாலும் தூக்குவேன். மூன்று மணியானால் கை ஈரத்துணி மாதிரி தொங்கிவிடும். தசை களைத்துப்போகும் நோய் என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொல்லி நான்கு வருடமாகிறது. மாத்திரையால் சமாளிக்கிறேன். தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஆயா வேலை போய்விடும்.

போன வருடம் ஒரு சாயங்காலம், பக்கத்து வீட்டு ராக்காயியின் மகன் என் கையிலிருந்து நழுவி விழுந்தான். நெற்றியில் நான்கு தையல். கவனமில்லாதவள் என்று பெயர் வாங்கினேன், வாயைத் திறக்கவில்லை. ராக்காயி அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

இப்போது எனக்கு மூன்று மாதம்.

பெப்ரவரி 15

மாத்திரையை நிறுத்திவிட்டேன். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று நானே முடிவு செய்தேன். யாரைக் கேட்பது? அம்மா இல்லை. வீட்டுக்காரர் பிரதாப் கட்டாரில். சொன்னால் அவர் பயப்படுவார், அந்தப் பயத்தையும் நான்தான் சுமக்க வேண்டும்.

ஏப்ரல் 13

புத்தாண்டு. ராக்காயி வீட்டில் பலகாரம் சுடுகிறார்கள். வாசனை மட்டும் வந்தது.

மே 9, வியாழன்

சோறு மெல்ல முடியவில்லை. தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு சாப்பிடும்போது மிட்வைஃப் மிஸ் வந்துவிட்டார். கண் ஏன் இப்படிச் சொருகுகிறது என்றார். தூக்கம் என்றேன். அவர் நம்பவில்லை, பாயில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ராக்காயி மகன் எதனால் விழுந்தான் என்பதையும். லயத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் சுவர் கூரை வரைக்கும் எட்டாது என்பது பிறகுதான் உறைத்தது. அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம்கூட இல்லை. கேட்டிருப்பாளோ? கேட்டால்தான் என்ன, வரவா போகிறாள்.

மே 14

கண்டி. "மாத்திரைய நிப்பாட்டச் சொல்லி யாரும்மா சொன்னது?" என்று டொக்டர் திட்டினார். யாருமே சொல்லவில்லை டொக்டர், சொல்ல ஆளில்லை. மறுபடி தொடங்கியிருக்கிறேன். எனக்குப் போடக்கூடாத ஊசியின் பெயரைக் கிளினிக் அட்டையில் சிவப்பு மையில் எழுதினார். வலி ஒழுங்காகத்தான் வருமாம், முக்கும்போதுதான் களைப்பேனாம். பிரசவம் கண்டியில்தான்.

ஜூன் 3

மடுவத்திலிருந்து நின்றுவிட்டேன். பகல் இவ்வளவு நீளமா?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பெண். கடைசியில் எனக்குப் பலமில்லை, ஆயுதம் போட்டு எடுத்தார்கள். அழுதாள் - பூனைக்குட்டி மாதிரி. பால் இழுக்கத் தெம்பில்லை. மூக்கு வழியாகக் குழாய்.

இந்தக் களைப்பு என் இரத்தத்திலிருந்து அவளுக்குப் போனதாம், சில வாரத்தில் தானாகச் சரியாகுமாம். சரியாகாவிட்டால்? எல்லாக் கட்டிலுக்கும் பார்க்க ஆட்கள் வந்தார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

குழாயை எடுத்துவிட்டார்கள். நேற்று வீட்டுக்கு வந்தோம்.

இன்று நான்கு மணிக்குத் தொட்டிலில் அழ ஆரம்பித்தாள். முதல்முறையாகத் தொண்டை கிழிய அழுதாள். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்குக் கை எழவில்லை. தூக்கி, இவளையும் போட்டுவிட்டால்? தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

சுவருக்கு மேலே குரல் வந்தது. "தூக்காத லோஜினி. நான் வாறேன்."

ராக்காயி பிள்ளையை எடுத்து என் மடியில் வைத்தாள். "அன்னிக்கு மிஸ்கிட்ட நீ சொன்னது கேட்டுச்சு. வர்றதுக்கு வெக்கமா இருந்துச்சு" என்றாள்.

என் முழங்கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கினாள். பிள்ளை குடித்து முடிக்கும்வரை எடுக்கவில்லை.